படமாகிப் போன கடல்

மார்ச் 4, பெர்கன், நார்வே

மழை. இன்று எங்கள் கணினி விளையாட்டில் கடல் அசைந்தது! விளையாடுகிறவர் படகைத் திருப்பினால் அலையும் திரும்புகிறது. காற்று ஏறினால் நுரை ஏறுகிறது. எதுவும் முன்கூட்டி எடுத்துவைத்த படமில்லை. நான் எழுதிய ஷேடர் என்ற நிரல் அந்தந்த நொடியில் கணக்குப் போட்டு வரைகிறது. இரண்டு வருட வேலை.

எங்கள் ஓவியன் யார்லே பக்கத்து மேசையிலிருந்து எட்டிப் பார்த்தான். "தோரில், உன் கடலைப் பாத்தா எனக்கு வாந்தி வருது. பாராட்டுதான், முறைக்காதே."

மார்ச் 12

விளையாட்டை வெளியிடப்போகிறவர்கள் பதில் போட்டிருக்கிறார்கள். பழைய கருவிகளிலும் ஓட வேண்டுமாம். இல்லாவிட்டால் ஒப்பந்தம் இல்லை.

முதலாளி வென்கே தன் மகளின் பழைய டேப்லெட்டைக் கொண்டுவந்தாள். என் கடல் திக்கித் திக்கி நகர்ந்தது. டேப்லெட் கையைச் சுட்டது. பிறகு அணைந்தே போனது.

மார்ச் 13

கூட்டம். யார்லே சொன்னான், "அலைய முன்னாடியே படம் படமா எடுத்து வச்சுட்டு ஓட்டிரலாம். எதுலயும் ஓடும்."

"காத்து திரும்பினா?"

"அலை திரும்பாது."

"அதே அலை மறுபடி மறுபடி வருமே."

"யாருக்குத் தெரியப்போகுது?"

எனக்குத் தெரியுமே. சொன்னால் சிறுபிள்ளைத்தனமாக இருக்கும்.

வென்கே ஈஸ்டர் வரை நேரம் கொடுத்தாள்.

மார்ச் 21

நுரையை எடுத்துவிட்டேன். இன்னும் திக்குகிறது.

மார்ச் 26

சின்ன அலை, வானத்தின் பிம்பம், எல்லாம் எடுத்தாச்சு. இப்ப சீரா ஓடுது. ஆனா இது கடலா? யாரோ விரிச்சுப் போட்ட தார்ப்பாய். எதுக்கு இவ்வளவு நாள் — சே.

ஏப்ரல் 8

ஈஸ்டர் முடிந்தது. வென்கே கதவைச் சாத்திவிட்டுக் கேட்டாள். "நேராச் சொல்லு. இன்னும் நாள் கொடுத்தா முடியுமா?"

முடியும் என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பாள். அதற்குள் ஒப்பந்தம் போனால் எல்லாருக்கும் வேலை போகும். யார்லேக்குப் போன மாதம்தான் குழந்தை பிறந்தது.

"முடியாது. படமாவே எடுத்துக்கலாம்."

"அப்படின்னா உனக்கு இங்க..." அவள் முடிக்கவில்லை. தெரியாதா எனக்கு? படம் எடுத்துவிட்டால் ஷேடர் எழுதுகிறவள் எதற்கு?

ஏப்ரல் 15

என் கடலை நானே படங்களாக எடுத்துக் கொடுக்கிறேன். எந்த அலை வேண்டும் என்று யார்லே பொறுக்குகிறான். இலவங்கப்பட்டை பன் வாங்கி வந்திருந்தான்.

"சாப்பிடு தோரில்."

"பசிக்கல."

அவனும் சாப்பிடவில்லை.

ஏப்ரல் 30

இங்கே எனக்குக் கடைசி நாள். கேக் வெட்டினார்கள்.

செப்டம்பர் 17

யார்லேயிடமிருந்து செய்தி: "நம்ம விளையாட்டுக்கு விமர்சனம் வந்திருக்கு. கடல்தான் ரொம்ப அழகாம்!"

திறந்து படிக்கவில்லை.

அக்டோபர் 6

புது இடத்தில் மூன்றாவது வாரம். சமையலறை அலமாரி விற்கும் கம்பெனி. அலமாரிகளைக் கணினியில் வரைந்து, படமாக எடுத்து இணையத்தில் போடுகிறோம்.

என்னோடு வேலை பார்க்கும் மெரெத்தே மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். "பாக்கறவங்க படத்துல இருக்கற ஜன்னலத் தள்ளி வச்சா வெளிச்சமும் கூடவே நகர்ற மாதிரி ஒரு ஷேடர் எழுதினா? நேத்து நான் கொஞ்சம்—"

"வேண்டாம். படமா எடுத்து வச்சிரு, போதும்."

அவள் மடிக்கணினியை மூடிக்கொண்டு போனாள். என்ன எழுதியிருந்தாள் என்று நான் பார்க்கக்கூட இல்லை.