ஊறுகாய் வாங்கும் வியாழக்கிழமை

அன்பு மகள் மிஸுஹோவுக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளை ஃபெர்மினும் பெருவில், அரேகிப்பாவின் குளிரில் சளி பிடிக்காமல் இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். போன வாரப் புயல் ஒசாகாவைத் தொடாமல் கிழக்கே போய்விட்டது, பால்கனியில் இருந்த பூந்தொட்டிகளை உள்ளே எடுத்து வைத்து, மறுநாள் திரும்ப வெளியே வைத்ததுதான் எங்களுக்கு மிச்சம்.

அக்டோபரில் நீங்கள் வரப்போவதைப் படித்துச் சந்தோஷப்பட்டேன். குறைந்த செலவில் எங்கே சாப்பிடுவது, என்ன பார்ப்பது என்று கேட்டிருந்தாய். ஒசாகாவிலும் ஹோட்டல்தான் போட்டிருக்கிறோம், அம்மா தானாகக் கூப்பிட்டால் ஒழிய வீட்டுக்கு வரமாட்டேன் என்றும் எழுதியிருந்தாய். பதிவு அலுவலக வாசலில் எடுத்த ஃபோட்டோ வந்த பிறகுதான் உன் கல்யாணம் எங்களுக்குத் தெரியும், அது அவளுக்கு இன்னும் ஆறவில்லை. உன் கடிதத்தை உரக்க வாசித்தேன், காதில் விழாதவள் போல முட்டைக்கோஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். கடைசியில், "வரட்டும், ஊரச் சுத்திட்டுப் போகட்டும். என் பையிலேர்ந்து ஒரு மிட்டாய்கூட அவளுக்குக் கிடையாது" என்றாள். ரயிலில் பக்கத்தில் உட்காருகிறவர்களுக்கு மட்டுமல்ல, சைக்கிளை நிறுத்தித் திட்டிய போலீஸ்காரருக்கும் பையைத் திறந்து மிட்டாய் கொடுத்தவள். பையில் எப்போதும் மிட்டாய் வைத்திருக்கும் ஒசாகாக்காரி வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்தால் எவ்வளவு கோபம் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

நீ கேட்டதற்கு வருகிறேன். டோக்கியோவில் காசு கொடுத்துக் கோபுரம் ஏறாதே, ஷின்ஜுக்குவில் மாநகர அரசு அலுவலகத்தின் மேல்மாடிக்குச் சும்மாவே விடுகிறார்கள், வானம் தெளிந்திருந்தால் ஃபுஜி மலை தெரியும். மதியச் சாப்பாட்டைப் பெரிதாக வைத்துக்கொள், இரவில் பணத்தைக் கறக்கும் கடைகூட மதியம் அதே மீனைச் சோறும் சூப்புமாக நியாயமான விலைக்குக் கொடுக்கும். இரவுக்குப் பெரிய அங்காடிகளின் கீழ்த்தளத்துக்கு மூடும் நேரத்தில் போனால் உணவுப் பெட்டிகள் மேல் பாதி விலைச் சீட்டு ஒட்டுவார்கள். ஒட்டும் ஆள் வரும்வரை தள்ளி நின்று வேறு எதையோ பார்ப்பது போல இருக்க வேண்டும், மாப்பிள்ளை அவர் பின்னாலேயே நடந்துவிடப் போகிறார், சொல்லி வை. கியோட்டோவில் பகலில் கோயில் பார்ப்பதும் நெரிசல் ரயிலில் நிற்பதும் ஒன்றுதான். ஃபுஷிமி கோயிலின் சிவப்பு வாயில்களுக்கு விடிந்ததும் போய்விடு, அங்கே பூட்டு கிடையாது, நரிச் சிலைகளும் நடைப்பயிற்சிக்கு வரும் சில பெரியவர்களும்தான் இருப்பார்கள். பழைய கிமோனோ வேண்டுமானால் இருபத்தொன்றாம் தேதி தோஜி கோயில் வளாகத்தில் கூடும் சந்தையில் பார், கடையில் வாங்காதே.

ஒசாகாவைப் பற்றி எழுதத் தொடங்கியதும் உன் அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து என் தோளுக்குப் பின்னால் நின்றாள். டோட்டோன்போரி சாப்பாட்டுத் தெரு என்று எழுதியதைப் பார்த்துவிட்டு, "அங்க போய் என்னத்தப் பாக்கறது, விலைப் பலகையையா?" என்றாள். தென்மாவில் எனக்குப் பிடித்த உடோன் நூடுல்ஸ் கடையின் பெயரை அடுத்ததாக எழுதினேன், நம்பாமல் மறுநாளே என்னை அங்கே இழுத்துக்கொண்டு போனாள். ஒரு வாய் சூப் குடித்துக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "பழைய சமையக்காரன் போயிட்டான். இந்தக் கடைய எழுதாதீங்க, அந்தப் பெரு நாட்டுக்காரன் இதான் ஒசாகா ருசின்னு நெனச்சுப்பான். அவளுக்காகச் சொல்லல, ஊர் மானம் போகும்." அன்று ஊர் மானத்தைக் காப்பாற்ற இன்னும் இரண்டு கடைகளில் சாப்பிட்டோம், ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை. தென்மா கோயிலுக்குப் பின்தெருவில் இருக்கும் சின்னக் கடையைத்தான் கடைசியில் ஒப்புக்கொண்டாள், வழியைத் தனித்தாளில் வரைந்து வைத்திருக்கிறேன். சமையல் கத்தி வாங்க நாம்பாவின் பாத்திரக் கடைத் தெருவுக்குப் போ என்று எழுதினேன், அதற்கும் அவள் விடவில்லை. "எடுத்த எடுப்புல விலை கேக்கக் கூடாது. திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, ஒரு பெருமூச்சு விட்டு வச்சிடணும், அவனே எறங்கி வருவான். அவளுக்கு எங்க வரும், உங்கள மாதிரி சொன்ன விலைய நீட்டிட்டு வந்துடுவா" என்றாள்.

பிறகு உன் பயணத் திட்டத்தை வாசித்தேன், ஒசாகாவில் வியாழக்கிழமை காலை எதுவும் போடவில்லை, தென்ஜின்பாஷியின் கூரை போட்ட கடைத்தெருவில் அவர்கள் நடக்கலாம் என்று அவளிடம் சொன்னேன். "வியாழக்கெழம நான் அங்க ஊறுகாய் வாங்கப் போற நாள். யாரோ வர்றாங்கன்னு என் ஊறுகாய் நாள மாத்திக்க முடியாது" என்றாள். மாற்றச் சொல்லி யாரும் கேட்கவில்லை. துணி மடித்துக்கொண்டே கொஞ்சம் கழித்து, "பத்து மணிக்கு மேல போனா நல்ல முள்ளங்கி தீந்துடும்" என்றாள். இதை அவள் உன்னைக் கூப்பிட்டதாக எழுதினால் பொய்யாகிவிடும், எழுதமாட்டேன். அவள் கூப்பிடவில்லை. வியாழக்கிழமை, பத்து மணிக்கு முன்னால், நீ சின்ன வயதில் மூக்கைப் பிடித்துக்கொண்டு நின்ற அதே ஊறுகாய்க் கடை. அவள் வாயிலிருந்து வந்தது இவ்வளவுதான், முடிவு உன் கையில்.

இரண்டு பேரும் ஒற்றுமையாக இருங்கள், நல்லபடியாக வந்து சேருங்கள், என் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு. ஒன்றுக்கு மட்டும் மறக்காமல் உடனே பதில் போடு. உறையை ஒட்டப் போனபோது அம்மா கேட்கச் சொன்னாள், மாப்பிள்ளைக்கு இஞ்சி மிட்டாய் காரமாக இருக்குமா, உப்புப் பிளம் மிட்டாய் பிடிக்குமா? பையில் இடம் இல்லையாம், தின்னாததைத் தூக்கிக்கொண்டு அலைய முடியாதாம்.

உன் அப்பா,
தட்சுரோ