குழியில் வச்ச காலேஜ் சர்டிபிகேட்

தை 9, செவ்வாய்

ராசுக்குட்டி, காத்தால ஒரே பனி. எருமை காலை ஒதறிப் பால் போச்சு. உன் காலேஜ் நோட்டுல மிச்சமிருக்குற தாள்ல எழுதறேன். எழுத்து கோணல்தான், சிரிக்காதே.

நீ போயி முப்பத்தாறு நாள். அம்மை கண்ட உடம்பை எரிக்கப்படாதுன்னு மேக்காலக் காட்டுல பொதச்சாங்க. கடைசி வரைக்கும் "சர்டிபிகேட் எங்கம்மா, அதில்லாம சப் இன்ஸ்பெக்டர் வேலைக்கு எடுக்க மாட்டாங்க"ன்னே பொலம்பினே. அதான் உன் சட்டைக்குள்ள வச்சு அனுப்பினேன். உங்கப்பாவுக்குத் தெரியாது.

தை 10, புதன்

மொளகாய் காயப்போட்டேன். மத்தியானம் சைக்கிள்ல ஒரு போலீஸ்காரர். மல்லசமுத்திரத்துல இருந்து. நீ எழுதிப்போட்ட வேலைக்காக உன் குணம் எப்படி, கேசு கீசு உண்டான்னு விசாரிக்க. ஊருக்குள்ள இன்னும் போகலையாம், வழியில நம்ம தோட்டந்தான் முதல்ல. மோர் குடுத்தேன். உங்க பையன் நாளைக்கு எனக்கே மேலதிகாரி, இப்பவே கைக்குள்ள போட்டுக்கறீங்களாக்கும்னு சிரிச்சார்.

பையன் எங்கீங்கன்னார். காட்டுல இருக்கான்னேன். பொய்யில்லை.

அப்பறம் சொல்றார், "போன திங்கக்கெழமை சேலத்துல ஒசரம், மாரு அளந்தாங்களே, வரிசை நிறுத்துனது நாந்தானுங்க. காலேஜ் படிச்சவங்களை முன்னால கூப்பிட்டாங்க. உங்க பையன் ஒரு வார்த்தை பேசலீங்க, சர்டிபிகேட்டை மட்டும் நீட்டுனாரு. ஏனுங்கம்மா, அது ஏன் அப்படி நமுத்து மண்ணா கெடக்குது? மொகத்துல அம்மைத் தழும்பு இருந்தும் துரைக்குப் புடிச்சுப் போச்சு."

காச்சலுக்கு முன்னால உன் மொகத்துல ஒரு தழும்பு கிடையாது.

வெள்ளிக்கெழமை அப்பன் கையெழுத்து வாங்க வாரேன்னு போயிட்டார்.

தை 11, வியாழன்

உங்கப்பாகிட்ட எல்லாம் சொன்னேன், சர்டிபிகேட் வச்சதையும். திட்டலை. எவனோ குழியைத் தோண்டி எடுத்து உம்பேர்ல போயிருக்கான்னாங்க. ரெண்டு பேரும் போய்ப் பாத்தோம்.

நரிக்குப் போட்ட முள்ளு அப்படியே. மேல அருகு மொளச்சிருக்குது. ஒரு கட்டி மண்ணு கலையலை. உங்கப்பா அங்கயே உக்காந்துட்டாங்க.

சோறு பொங்கலை. பழையது.

தை 12, வெள்ளி

உப்பு தீந்துபோச்சு. காலமில்லாத காலத்துல மேக்காத்து.

செத்தவன் பேர்ல கையெழுத்துப் போட்டா நம்மளத்தான் புடிப்பாங்க, உள்ளதைச் சொல்லிப்போடுங்கறாங்க உங்கப்பா. அவங்க வாயால வரலையாம், நான் சொல்லோணுமாம்.

சொன்னா உம்பேரை அடிச்சிருவாங்க. எத்தனை நாள் ராந்தல்ல கண்ணைக் கெடுத்துப் படிச்சே. சொல்லாட்டி வேலைக்கு வாம்பாங்க, நீ அங்கயும் எந்திரிச்சுப் போவே. எப்பத்தான் படுப்பே.

சைக்கிள் மணி கேக்குது. உங்கப்பா என் மொகத்தையே பாக்கறாங்க.

நான் என்ன சொல்லட்டும் சாமி?