மவுஸ் பழுதில்லை

பபேடான், யாங்கோன்
16 ஆகஸ்ட் 2009

அன்பு மகன் அஜ்மலுக்கு வாப்பாவின் ஸலாமும் துஆவும். அல்லாஹ்வின் கிருபையால் வீட்டில் எல்லோரும் எழுந்து நடமாடுகிறோம், நீயும் சிங்கப்பூரில் வேளைக்குச் சாப்பிட்டு உடல் சுகத்தோடு இருப்பாய் என்று எண்ணிக்கொள்கிறேன். உம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை. மழை விடவில்லை. தெருவில் கணுக்கால் அளவு தண்ணீர், மாடிப்படி முழுக்கப் பாசி, மேல்வீட்டு பர்மாக்காரர் நேற்று வழுக்கி உட்கார்ந்துவிட்டார். த்வாண்டேயில் இருந்து வாங்கிய புதுப் பானை கசிகிறது. ஊறினால் நின்றுவிடும் என்கிறான் கடைக்காரன், உம்மா நம்பவில்லை. இதையெல்லாம் எழுதுவதற்காக நான் தாளை எடுக்கவில்லை.

மவுஸ் விஷயம். உன் ஆட்டம் என் கையில் தோற்றதற்கு ஹஸ்ஸானின் இன்டர்நெட் கடை மவுஸ் பழுது என்று போனில் சொன்னேன். பழுதில்லை. நான் அழுத்திய இடத்தில்தான் அதுவும் அழுத்தியது. இதைச் சொல்லத்தான் மறுபடி உனக்கு போன் செய்தேன். அப்போதும் வாயில் மவுஸ் என்றே வந்தது. அதனால்தான் கடிதம். நாளை மறுநாள் விமானம் ஏறும் நூருன்னிசா மாமி கையில் கொடுத்தனுப்புகிறேன்.

நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். உன் ஹோட்டலில் திடீரென்று இரட்டை ஷிப்ட் போட்டுவிட்டார்கள், நீ மூன்று வாரமாக இன்டர்நெட்டில் படிப்படியாய் ஜெயித்து வந்த போக்கர் சீட்டுப் போட்டியும் அன்றைக்கே, நான் வரும்வரை என் பெயரில் நீங்கள் உட்காருங்கள் என்றாய். சூது ஹராம் என்று உனக்கு வருடக்கணக்கில் சொன்னவன் நான். பணம் கட்டவில்லை வாப்பா, ஜெயித்தால் பெரிய போட்டியில் ஓர் இடம், அவ்வளவுதான் என்றாய். அதை நம்புவது எனக்கு வசதியாக இருந்தது. நீ சொல்லிக்கொடுத்தது இன்னும் காதில் இருக்கிறது. ஏஸ் ஜோடியோ ராஜா ஜோடியோ வந்தா மட்டும் ஆடுங்க, மத்ததுக்கெல்லாம் ஃபோல்டு, சீட்டப் போட்டுட்டு விலகிடுங்க. எட்டு, ஒம்பது, பத்து, இந்த நடுத்தர ஜோடிங்கதான் ஆளக் கவுக்கும். அடிச்சு ஏத்துறவன் எதிர்ல இருந்தா அவன் பாதி தடவ பொய்தான் அடிக்கிறான், ஆனா எந்தப் பாதின்னு உங்களுக்குத் தெரியாது வாப்பா. நடுவுல ராஜா, ராணின்னு படச்சீட்டு விழுந்தா எந்திரிச்சு ஓடிடுங்க என்றாய். சரி என்றேன்.

முதலில் நீ சொன்னபடியே இருந்தேன். வந்த சீட்டையெல்லாம் கீழே போட்டு விலகினேன். எனக்கு முன்னால் ஆடுகிறவன் தன் பெயருக்குப் பக்கத்தில் நாய்ப் படம் வைத்திருந்தான். சீட்டைப் பார்க்கிறானோ இல்லையோ, ஒவ்வொரு முறையும் பந்தயத்தை ஏற்றினான். எல்லோரும் விலகினார்கள். நானும் விலகினேன். தாத்தா, தூங்கிவிட்டாயா என்று ஒரு தடவை ஆங்கிலத்தில் எழுதினான். திரையில் இருந்தது உன் பெயர். என் வயது அவனுக்குத் தெரிய வழியில்லை. ஆனாலும் காது சூடாகிவிட்டது.

பிறகு எனக்கு இரண்டு ஒன்பது வந்தது. நாய் வழக்கம்போல் ஏற்றினான். ஃபோல்டு மேல் அம்பைக் கொண்டுபோய் வைத்தேன். மழைக்கு ஒதுங்கிய பூட்டுக்கடை காஜா மைதீன் அப்போது என் நாற்காலிக்குப் பின்னால் நின்றான். என்ன காக்கா, கையில ரெண்டு கோ வச்சுக்கிட்டு ஓடுறீங்க, எங்க வாப்பா ஒத்தக் கோவுக்கே கைலிய மடிச்சுக் கட்டுவாரே என்றான். நீ ஊரைவிட்டுப் போய் நாளாகிறது, மறந்திருப்பாய். இங்கே டீக்கடைகளில் ஆடுகிற ஷான் சீட்டாட்டத்தில் கோ, அதாவது ஒன்பதுதான் உச்சம். பத்தும் ராஜாவும் ராணியும் வெறும் பூஜ்யம். நான் விலகாமல் அவன் ஏற்றிய அளவுக்கு சிப் போட்டேன். நடுவில் மூன்று சீட்டு விழுந்தது. ராஜா, ராணி, நாலு. நீ எழுந்து ஓடச் சொன்ன இடம் அதுதான். புத்திக்குத் தெரிந்தது. கண் மட்டும் இந்த ஊர்க் கண். பூஜ்யம், பூஜ்யம், நாலு. ஒண்ணுமே விழலையே காக்கா, போட்டு அடிங்க என்றான் காஜா. நாய் மறுபடி ஏற்றினான். இருந்ததை எல்லாம் தள்ளினேன். அவனிடம் ஒரு ராஜா இருந்தது. என்னைவிட அதிகமாக சிப்பும் இருந்தது. திரையில் உன் பெயர் அணைந்தது.

தள்ளியதற்கும் அவன் சீட்டு திரும்பியதற்கும் நடுவே ஒரு கணம் இருந்தது. அது எனக்குப் பிடித்திருந்தது, அஜ்மல். எண்பத்தெட்டில் கல்லூரியை மூடினார்கள், புத்தகங்களைக் கட்டி வைத்துவிட்டுக் கடை வியாபாரத்துக்கு வந்தேன். வாடகையை ஏற்றினார்கள், தலையாட்டினேன். யார் எதை ஏற்றினாலும் விலகிப் பழகியவன். அந்தக் கணத்தில் என் நாற்காலியில் விலகாத ஒருவன் உட்கார்ந்திருந்தான். உன் மூன்று வாரத்தை வைத்து. இதை எழுதக் கூசுகிறது.

அதோடு நின்றிருக்கலாம். நீ போன் செய்தபோது பொய் சொன்னேன். ஒரு மவுஸ் மாத்தத் துப்பில்லாத ஆளுக்கா தங்கச்சி ஸமீராவக் குடுக்கப் போறீங்க, நான் சம்மதிக்க மாட்டேன் என்று நீ கத்தினாய். அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். கோபத்தில் பேசுகிறாய், ஆறிவிடும் என்று இருந்துவிட்டேன். நீ ஆறவில்லை. ஹஸ்ஸானுக்கே அதை எழுதி அனுப்பிவிட்டாய். வெள்ளிக்கிழமை நிச்சயம், அடுத்த நாளோ அதற்கடுத்த நாளோ நோன்பு பிறந்துவிடும். அண்ணன்காரன் வேண்டாம் என்கிற வீட்டுக்கு எப்படி வருவது என்று ஹஸ்ஸானின் உம்மா சொல்லி அனுப்பியிருக்கிறார். நேற்று ஹஸ்ஸானே வந்தான். மவுஸைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்து மேசையில் வைத்தான். மாமா, இது தாய்லாந்து சாமான், வாங்கி பத்து நாள்கூட ஆகல, நீங்க அமுக்குனத நானும் பாத்துக்கிட்டுத்தான் நின்னேன், என்கிட்ட மன்னிப்பெல்லாம் கேக்க வேணாம், அஜ்மலுக்கு மட்டும் சொல்லிடுங்க என்றான். டீ குடிக்காமல் போய்விட்டான். உம்மா என்னைப் பார்க்கவில்லை, பானையின் கசிவைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நீங்க சொல்றீங்களா, நான் சொல்லவா வாப்பா என்று ஸமீரா கேட்டாள். நானே எழுதுகிறேன் என்றேன்.

எனவே கோபப்படுவதானால் என்மேல் கோபப்படு. வெள்ளிக்கு முன் போன் செய், முதலில் ஹஸ்ஸானுக்கு, பிறகு அவன் உம்மாவுக்கு. எனக்கு எப்போது என்பது உன் இஷ்டம். உறையை ஒட்டுமுன் இதை ஸமீராவிடம் வாசிக்கக் கொடுத்தேன். ‘இருந்ததை எல்லாம் தள்ளினேன்’ என்ற வரிக்கு முன்னால் ‘கை தவறி’ என்று எழுதியிருந்தேன். அதில் விரலை வைத்து, இதுவும் மவுஸ்தான் வாப்பா என்றாள். அடித்துவிட்டேன். அந்த இடத்தில் நீ பார்க்கிற மை அதுதான். தெரிந்தேதான் தள்ளினேன்.

அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும் நிம்மதியான தூக்கமும் தரட்டும். இரட்டை ஷிப்ட் நாளில் வெறும் வயிற்றோடு நிற்காதே. ஹஸ்ஸானின் நம்பர் உறையின் பின்புறம் இருக்கிறது.

இப்படிக்கு,
உன் வாப்பா
மீரா முகைதீன்