வலது காலில் உங்கள் தையல்

அண்ணா,

முதலில் என் அவமானத்தைச் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லிவிட்டால் மற்றதைச் சொல்லத் தைரியம் வரும்.

போன வெள்ளிக்கிழமை ராணிப்பேட்டையில் ஒரு பெண்கள் பள்ளிக்கூட ஆண்டு விழா. நகைச்சுவைப் பேச்சுக்கு என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். நோட்டீஸில் 'சிரிப்புச் செல்வர்' என்று போட்டிருந்தது. அந்தப் பட்டத்தை எழுதிக் கொடுத்தவன் நானே என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. மேடைப் படியேறும்போது இடது கால் ஷூவின் அடிப்பாகம் வாயைப் பிளந்தது. மைக்கை நோக்கிப் பத்தடி நடப்பதற்குள் அது முழுசாகக் கழன்று பின்னால் தங்கிவிட்டது. தலைமையாசிரியை அம்மா குனிந்து எடுத்து, வேறு இடம் தோன்றாமல், எனக்குப் போர்த்த வைத்திருந்த பொன்னாடைத் தட்டிலேயே அதை வைத்தார். பிறகு நான் பேசிய முக்கால் மணி நேரத்துக்கும் அந்தப் பெண்கள் சிரித்தது தட்டைப் பார்த்துத்தான்.

திரும்பும் வழியில், வேலூர் பஸ் ஸ்டாண்டு எதிரில் செருப்புத் தைப்பவரிடம் உட்கார்ந்தேன். அவர் டப்பாவைத் திறந்து அந்த மஞ்சள் பசையை விரலால் தடவினார். வாசனை மூக்கில் ஏறியதும் நீங்கள் வந்துவிட்டீர்கள், கஞ்சி போட்ட காக்கி பேன்ட்டோடு. இடதை ஒட்டிக் காயவைத்துவிட்டு வலது ஷூவையும் கேட்டு வாங்கித் திருப்பிப் பார்த்தார். ஓரம் முழுக்க ஓடும் தையலை நகத்தால் நெம்பினார்.

"இதுக்கு வேல இல்ல சார். ஷூ செத்தாலும் இந்தத் தையல் சாவாது. யார் தச்சது?"

"மில்ட்ரிக்காரர்" என்றேன்.

"மில்ட்ரில ஷூவா தைக்கிறாங்க?" என்று சிரித்தார்.

நானும் ஒரு நாள் இப்படித்தான் சிரித்தேன், அண்ணா. அந்தச் சிரிப்பு பத்து வருஷத்துக்கு மேலாக என் பல்லில் சிக்கிக்கொண்டிருக்கிறது.

எமர்ஜென்சி முடிந்த வருஷம் அது. ஆம்பூர் பஜாரில் ஒரு மேஜை, ஒரு பழைய டைப்ரைட்டர், 'ஜாப் டைப்பிங்' என்று ஒரு தகரப் பலகை, இவ்வளவுதான் நான். தறியில் உட்காரவைத்தால் லுங்கிக் கட்டம் கோணிப்போகிறது என்று குடியாத்தத்திலிருந்து அப்பா துரத்திவிட்ட பிள்ளை. என் பிழைப்பில் பாதி, மில்ட்ரியிலிருந்து திரும்பியவர்களால் நடந்தது. நம் பக்கத்தில் தெருவுக்கு நாலு பேர் மில்ட்ரி. முப்பத்து மூன்று, முப்பத்தைந்து வயதில் பென்ஷனோடு வந்து இறங்குவார்கள். வெள்ளைப் பெயின்ட்டில் நம்பர் போட்ட கறுப்பு டிரங்குப் பெட்டி. முதல் மாதம் ராஜ மரியாதை. அடுத்த மாதம் மச்சான்கள் கான்டீன் பாட்டில் பற்றி நலம் விசாரிப்பார்கள். அதற்கடுத்து, 'சும்மாதானே இருக்காரு' என்று ரேஷன் கடை க்யூவில் நிறுத்துவார்கள். அதற்குப் பிறகுதான் என் மேஜைக்கு வருவார்கள், வேலைக்கு மனு அடிக்க.

நீங்களும் அப்படித்தான் வந்தீர்கள். வந்து, நான் உட்காரச் சொல்கிற வரையில் விறைப்பாக நின்றீர்கள். உங்களை ஏற்கெனவே எனக்குத் தெரியும். பாய் டீக்கடையில் உங்கள் கதைக்கு நான் முதல் வரிசை ரசிகன். பிஸ்கட் ஜாடிகள் மலை, பன் பாக்கெட் பங்கர், டீ வடிகட்டி உங்கள் மெஷின் கன். பனியில் மூன்று நாள் படுத்தபடி சுட்டதாகச் சொல்வீர்கள். பாய் வடிகட்டியைத் திருப்பிக் கேட்கக் கூச்சப்பட்டு, அதுவரை டீ போடாமல் நிற்பார்.

டிஸ்சார்ஜ் புஸ்தகத்தை என் முன் விரித்தபோது அந்தப் பக்கத்தில் ஓரிடத்தை மட்டும் கட்டை விரலால் அழுத்திக்கொண்டிருந்தீர்கள். வம்புக்கு அலைகிறவனிடம் விரலை வைத்து மறைத்தால் விடுவானா? தேதி பார்க்கிற சாக்கில் விரலை நகர்த்தினேன். செய்த வேலை என்ற இடத்தில், 'ஈக்விப்மென்ட் அண்டு பூட் ரிப்பேரர்' என்று இருந்தது. பதினைந்து வருஷமும் பூட்ஸ் தையல்தான்.

சிரித்துவிட்டேன். மேஜையைத் தட்டிச் சிரித்தேன்.

நீங்கள் கோபப்படவில்லை. புஸ்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டு, "கன்னர்னு அடி, டைப்பு" என்றீர்கள். என் பெயரை நீங்கள் ஒரு நாளும் சொன்னதில்லை. கடைசிவரை டைப்புதான்.

பிறகு மெதுவாகச் சொன்னீர்கள். அப்பா டேனரியில் சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கித் தோல் மிதித்தவர். அவருடைய கால் வெளுத்து வெடித்திருக்கும். வீட்டில் எல்லார் துணியிலும் அந்த வாடை. பள்ளிக்கூடத்தில் உங்களைக் கடைசி பெஞ்சில் தனியாக உட்காரவைத்தார்களாம். அதிலிருந்து தப்பிக்கத்தான் பதினெட்டு வயதில் வேலூருக்குப் போய் ஆள் எடுக்கும் வரிசையில் நின்றீர்கள். அங்கே ஒருத்தர் அப்பா என்ன வேலை என்று கேட்டார். உள்ளதைச் சொன்னீர்கள். அவரும் சரி என்று எழுதிக்கொண்டார்.

"தோலு வேணான்னு ஆயிரம் மைல் ஓடனேன். அங்க போனா எனக்கு முன்னாடி தோலு வந்து ஒக்காந்துங்கீது."

வீட்டுக்கு எழுதிய முதல் கடிதத்திலேயே துப்பாக்கி என்று எழுதிவிட்டீர்கள். அப்பா அதை டேனரி முழுக்கப் படித்துக் காட்டிவிட்டார். அதற்கப்புறம் எப்படி மாற்றுவது? கன்னர் என்றே அடித்தேன்.

அந்த மனுவுக்குக் கிடைத்தது வாட்ச்மேன் வேலை. அதுவும் எங்கே, அப்பா இறங்கிய அதே டேனரியின் கேட்டில். பதினோரு நாள் நின்றீர்கள். பன்னிரண்டாம் நாள் காலையில் என் மேஜைக்கு முன்னால் சீருடை இல்லாமல் நின்றீர்கள். சாயங்காலம் வெளியே போகிறவர்களின் பையைச் சோதிக்க வேண்டுமாம். முந்தின நாள் வரிசையில் உங்கள் பெரியப்பா வந்தாராம். "டிபன் பாக்ஸ அவரே தொறந்து காட்டனாருப்பா. நான் கேக்கவே இல்ல" என்றீர்கள். வீட்டில் இரண்டு பெண் பிள்ளைகள். தம்பி வீட்டில் ஒரு அறையில் ஒண்டுக்குடித்தனம். தம்பி பெண்டாட்டி பாத்திரத்தை வைக்கும் சத்தம் நாளுக்கு நாள் ஜாஸ்தியாகிறது என்றும் சொன்னீர்கள்.

அந்த நேரத்தில்தான் ஊருக்கு வெளியே புதிதாக வந்த ஷூ கம்பெனியின் டைம்கீப்பர் டீக்கடையில் புலம்பினார். வெளிநாட்டுக்குக் கனமான பூட்ஸ் ஆர்டராம். தைத்ததெல்லாம் தண்ணீர் சோதனையில் வாயைத் திறக்கிறதாம். பூட்ஸ் தெரிந்த கை கிடைக்காமல் மேனேஜர் பேஜாராகிக் கிடக்கிறார் என்றார். உங்களிடம் சொன்னேன். "அந்த வேலைக்கா இம்மா நாள் இவ்ளோ பொய்யி சொன்னேன்?" என்று எழுந்து போய்விட்டீர்கள்.

அப்போதுதான் என் புத்திசாலித்தனம் வேலை செய்தது. உள்ளதை உள்ளபடி ஒரு மனு அடித்தேன். பூட்ஸ், பதினைந்து வருஷம், பனிமலை, எல்லாம். கவரில் போட்டு, மைதாப் பசையை இரண்டு பக்கமும் அப்பி ஒட்டினேன். "கம்பெனில வேற வேலைக்கு, கன்னர்னுதான் அடிச்சிருக்கேன். மேனேஜர் கையால பிரிச்சாத்தான் மரியாத" என்று உங்கள் கையில் கொடுத்தேன். கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டீர்கள். ஒரு வாரம் போயிற்று. நீங்கள் கம்பெனிப் பக்கமே போகவில்லை.

அடுத்து நான் செய்தது என்ன என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் இதுவரை நான் வாயால் ஒப்புக்கொண்டதில்லை. நீங்கள் இல்லாத ஒரு மாலையில் பாய், "மில்ட்ரிக்கு இன்னும் ஒண்ணும் ஆவலியா?" என்று அக்கறையாகத்தான் கேட்டார். கடையில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். எனக்கு ஒரு சிரிப்பு கிடைக்கும் என்றால் எதையும் விற்றுவிடுவேன். உங்களை விற்றேன். வடிகட்டியைக் கையில் எடுத்து உங்களைப் போலவே குறி பார்த்து, கடைசியில் அதை ஊசியாக்கிச் செருப்புத் தைத்துக் காட்டினேன். டைம்கீப்பருக்குப் புரையேறும் அளவுக்குச் சிரிப்பு. என் முதல் மேடை அதுதான்.

மறுநாள் காலையில் நீங்கள் வந்து உங்கள் இடத்தில் உட்கார்ந்தீர்கள். டைம்கீப்பர் தன் செருப்பைக் கழற்றி, வார் அறுந்திருந்ததை, பெஞ்சில் உங்கள் டீ கிளாஸுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"மில்ட்ரி, பார்டர்ல சின்ன சண்ட. கொஞ்சம் தச்சுக் குடேன்."

நீங்கள் அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தீர்கள். நான் என் டீயைப் பார்த்தேன். அந்த டீயில் அப்படிப் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை.

செருப்பைக் கையில் எடுத்தீர்கள். வாரை இழுத்துப் பார்த்தீர்கள். பிறகு சட்டைக் காலர் மடிப்புக்குள்ளிருந்து ஒரு ஊசியை உருவினீர்கள். மில்ட்ரியை விட்டு வந்து எட்டு மாதம் ஆகியும் அது அங்கேயே இருந்திருக்கிறது. பாயிடம் ஒரு துண்டு மெழுகுவத்தி கேட்டீர்கள். பொட்டலம் கட்டும் சணல் நூலை அதில் இழுத்து இழுத்து மெழுகேற்றினீர்கள். ஒன்பது தையல். முடித்ததும் செருப்பைப் பெஞ்சில் வைக்காமல், குனிந்து அவர் காலடியில் வைத்தீர்கள்.

"பனியில பூட்ஸு வாயத் தொறந்துச்சின்னா வெரலு கறுத்துடும். வெட்டித்தான் எடுப்பாங்க. என் கையால தச்ச பூட்ஸ்ல ஒருத்தனுக்கும் வெரலு போவல." ஆறிப்போன டீயைக் குடித்து முடித்தீர்கள். "போட்டுப் பாருங்க. கடிச்சா சொல்லுங்க."

டைம்கீப்பர் அதைப் போட்டுக்கொள்ளவில்லை. கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு போனார்.

மூன்று நாள் உங்களைக் காணவில்லை. நான்காம் நாள் என் மேஜைக்கு வந்து, முதல் தடவையாக நான் சொல்லாமலே உட்கார்ந்தீர்கள். "ஷூ கம்பெனில வேல கெடச்சிடுச்சி, டைப்பு. நீ அடிச்ச காயிதம் நல்லா வேல செஞ்சிச்சி." எனக்குத் தலைகால் புரியவில்லை. டீக்கடையில் பண்ணின பாவத்தைக் கவரில் பண்ணின புண்ணியம் கழுவிவிட்டது என்று அன்று நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

அதற்குப் பிறகு மில்ட்ரியிலிருந்து யார் வந்தாலும் நீங்களே என்னிடம் அழைத்து வந்தீர்கள். வந்தவன் மார்பை நிமிர்த்திக்கொண்டு போர்க்களத்தை ஆரம்பித்தால் தடுத்துவிடுவீர்கள். "கதைய வுடுப்பா. கை இன்னா செஞ்சிச்சி, அத சொல்லு. டைப்பு அடிப்பான்." அப்படிக் கேட்டதில் எத்தனை உண்மை வெளியே வந்தது. பீரங்கிப் படை என்று தொடங்கிய ஒருத்தர் பன்னிரண்டு வருஷமும் லாரிகளுக்கு நம்பர் எழுதியவர். இன்று பஜாரில் பாதிக் கடைப் பலகை அவர் கை. கோவேறு கழுதை மேய்த்ததைச் சொல்ல வெட்கப்பட்ட சோளிங்கர்க்காரர் ஒருத்தர் உள்ளங்கையால் தடவியே மாட்டுத் தோலில் கயிறு உரசின இடத்தைச் சொன்னார். டேனரியில் தோல் தரம் பிரிக்க எடுத்துக்கொண்டார்கள். முந்நூறு பேருக்குச் சமைத்தவர், சமையல் என்று மட்டும் அடிக்காதே என்று என்னிடம் அழுதார். நீங்கள் அவரை வெளியே கூட்டிப்போய் ஒரு மணி நேரம் என்ன பேசினீர்களோ, திரும்பி வந்து தானே எழுத்துக்கூட்டிச் சொன்னார். உங்கள் கம்பெனி கான்டீனில் இப்போதும் அவர் சாம்பார்தான்.

நானோ ஊர் ஊராகப் போய், ஒரு கவரால் ஒரு குடும்பத்தைத் தூக்கி நிறுத்திய கதையை மேடையில் சொல்லிக் கைதட்டு வாங்கிக்கொண்டிருந்தேன். ஒரு தடவை கலவை என்ற ஊரில் நீங்களே கூட்டத்தில் உட்கார்ந்து கேட்டீர்கள். எல்லாரையும்விட பலமாகத் தட்டினீர்கள்.

ஞாயிற்றுக்கிழமைதான் தாங்கவில்லை, அண்ணா. வாரம் தவறாமல் என் வீட்டுக்குப் பத்து மணிக்கு வந்து வாசலில் நின்று, "டைப்பு, ஆர்டர் குடு, ஒக்கார்றேன்" என்பீர்கள். இப்போதும் பத்து மணிக்கு நாற்காலியை இழுத்துப் போட்டுவிடுகிறேன். கடைசியாக வந்த ஞாயிறு என் ஷூவைப் பார்த்துவிட்டு, பசையை நம்பாதே என்று வலது காலைத் தைத்துக் கொடுத்தீர்கள். நூல் தீர்ந்துபோயிற்று. "இடது கால அடுத்த ஞாயித்துக்கெழம தச்சிக்கலாம்" என்றீர்கள். அடுத்த ஞாயிறு நான் சோளிங்கரில் ஒரு கல்யாணத்தில் சிரிப்புக் காட்டப் போய்விட்டேன். நீங்கள் வந்து பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பியதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள். புதன்கிழமை வேலை செய்யும் இடத்திலேயே மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்களாம்.

இப்போது இடது காலில் பசை, வலது காலில் நீங்கள். நடக்கும்போது எனக்குத் தெரிகிறது.

முப்பதாம் நாள் காரியத்துக்கு வந்தவனிடம் அண்ணி டிரங்குப் பெட்டியைத் திறந்து, "இது உங்களுக்குத்தான் ஒதவும்" என்று அந்த டிஸ்சார்ஜ் புஸ்தகத்தைக் கொடுத்தார். பழைய பழக்கத்தில் அந்தப் பக்கத்தைத் திருப்பினேன். நீங்கள் கட்டை விரல் வைத்திருந்த இடத்தில் என் கவர் இருந்தது. மைதாப் பசை இரண்டு பக்கமும் அப்படியே பிடித்திருந்தது. யாரும் அதைப் பிரிக்கவே இல்லை.