வேன் விற்பனைக்கு இல்லை

சேசு மரி சூசை துணை

ராயபுரம்,
ஞாயிறு, பூசை முடிந்து வந்து.

அன்பு மகள் ஜானட்டுக்கு நைனா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் உன் தம்பி ஜெரியும் நலம். அயர்லாந்துக் குளிரில் நீயும் நலமாக இருக்க மாதாவிடம் தினமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நலம் என்று எழுதியதற்கு நீ முகம் சுளிப்பது தெரிகிறது. வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை, சர்க்கரை இருக்கிறது, மற்றபடி நலம்தான். போனில் பேசினால் பாதியில் நீ அழுகிறாய், நான் கத்துகிறேன், அம்மா போனைப் பிடுங்கிக்கொள்கிறாள். அதனால் தாளில் எழுதுகிறேன், கடைசி வரை படி. நீ அனுப்பிய பாலகணேஷ் புதன்கிழமை விம்கோ நகரிலிருந்து நம் ஆம்னி வேனை விலைக்குக் கேட்டுப் பார்க்க வந்தார். நல்ல மனுஷன், டீ கொடுத்து அனுப்பிவிட்டேன். டயரை உதைத்துப் பார்த்தது மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை. வேனை நான் விற்கப்போவதில்லை.

அம்மா உன்னிடம் புகார் சொன்னாளாமே, இந்தாளு பட்டப்பகல்ல டிவிய பாத்து வண்டி ஓட்டிகினு கீறாரு, புத்தி பேதலிச்சிட்ச்சா இன்னான்னு கேளுடீ என்று. உண்மைதான், ஓட்டுகிறேன். ஜெரி மணலிக்கு டூட்டிக்குப் போனதும் டிவியில் ஆடுகிற அவனுடைய கார் ரேஸ் கேமை எடுத்து உட்கார்ந்துவிடுவேன். ஒரு நாடே அதற்குள் இருக்கிறது, மலை, ஆறு, மணல்காடு எல்லாம். ரேஸுக்கு ஒரு வழி காட்டுவார்கள், ஆனால் அந்த வழியிலேயே போக வேண்டும் என்று கட்டாயமில்லை. முப்பத்தொரு வருஷம் கண்டெய்னர் டிரெய்லரை வைத்துக்கொண்டு எண்ணூர் ரோட்டில் ஹார்பர் கேட் திறக்காதா என்று ஒன்றரை நாள், இரண்டு நாள் வரிசையில் கிடந்தவன் நான். ரோட்டை விட்டு வண்டியை இறக்கிக் காட்டுக்குள் விட்டபோது எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நீயே நினைத்துப் பார். முதல் பத்து ரேஸிலும் கடைசியாகத்தான் வந்தேன். திருப்பம் வந்தால் போதும், என்னை அறியாமல் அகலமாக ஒதுக்கித் திருப்புவேன். ஜெரி பார்த்துவிட்டு, இன்னா நைனா ஜீப்ப போய் இப்டி திருப்புற, பின்னாடி இன்னா கீது என்று சிரித்தான். நாப்பது அடி பெட்டி கீதுடா என்று சொல்லிவிட்டேன், பிறகு நானும்தான் சிரித்தேன்.

சிரிக்காத விஷயம் ஒன்று உண்டு. அது உனக்கு மட்டும். ஆரம்பத்தில் பள்ளத்தில் வண்டி இறங்கும்போதெல்லாம் இல்லாத கால் பிரேக்கைத் தேடும். தொடை துடித்து, கட்டிலோடு சேர்ந்து ஆடிப்போவேன். எத்தனை தடவை கேமை அப்படியே வைத்துவிட்டு அழுதிருக்கிறேன், அம்மாவுக்குக்கூடத் தெரியாது. அதற்காக விட்டுவிடவில்லை. இந்தக் கேமில் பிரேக் இடது கை விரலில், ஆக்சிலேட்டர் வலது கை விரலில். தவக்காலம் பூராவும் ஓட்டினேன். ஒரு நாள் ஆற்றங்கரைச் சரிவில் வண்டி தலைகுப்புறப் போக இருந்தது, விரல் தானாகப் பிரேக்கை அமுக்கிவிட்டது, கால் சும்மா இருந்தது. அன்றைக்கே ஆட்டோ பிடித்து பேசின் பிரிட்ஜ் மெக்கானிக் உசேனிடம் போய்விட்டேன். காலில்லாதவர்களுக்கு அவர் முன்பே இரண்டு வண்டி செய்து கொடுத்திருக்கிறார். ஸ்டீயரிங் பக்கத்தில் ஒரு கம்பி, இழுத்தால் ஆக்சிலேட்டர், தள்ளினால் பிரேக். கிளட்சுக்கு இடது கால் இருக்கவே இருக்கிறது. போன வாரம் மாட்டி முடித்தார். டாக்டர் சர்டிபிகேட் வாங்கி லைசென்ஸுக்கும் எழுதிப் போட்டாயிற்று, பதினாலாம் தேதி டெஸ்ட். கேம் வேறு ரோடு வேறு என்று சொல்லாதே, அது எனக்குத் தெரியும். மாத்தூர்ப் பக்கம் காலி மனையில் உசேன் பக்கத்தில் உட்கார ஆறு நாள் ஓட்டிப் பழகியிருக்கிறேன். பெயிலானால் மறுபடி போவேன், அதிலும் பெயிலானால் அதற்கு அடுத்ததற்கும் போவேன். நீ ஏறமாட்டேன் என்றால் ஏறாதே என்று அம்மாவிடமும் சொல்லிவிட்டேன். மூன்று நாளாகப் பேச்சில்லை, சோறு மட்டும் வருகிறது.

ஜானட், அன்றைக்கு ஆஸ்பத்திரியில் நான் நினைவில்லாமல் கிடந்தபோது காலை எடுக்கச் சொல்லி நீதான் கையெழுத்துப் போட்டாய். என்னைக் கேட்க நேரமில்லை. இன்றைக்கு நான் உயிரோடு இருப்பது அந்தக் கையெழுத்தால்தான், அதற்காக ஒரு நாளும் உன்மேல் எனக்கு வருத்தமில்லை. ஆனால் இப்போது எனக்கு நினைவு இருக்கிறது கண்ணு. இனி என்னிடமிருந்து எதை எடுப்பதானாலும் என்னைக் கேட்டுத்தான் எடுக்க வேண்டும். வேன் வேண்டுமா என்று கேட்டிருந்தால் வேண்டும் என்று சொல்லியிருப்பேன்.

நைட் டூட்டி முடிந்து சாப்பிடாமல் தூங்காதே, காலுக்குச் சாக்ஸ் போடு. ஆண்டவர் உன் போக்கிலும் வரத்திலும் கூட இருந்து ஆசீர்வதிப்பாராக. பதினாலாம் தேதி காலை ஒன்பது மணிக்கு, அங்கே விடியாமல் இருந்தாலும் பரவாயில்லை, எழுந்து ஒரு அருள் நிறைந்த மரியே ஜெபம் சொல்.

இப்படிக்கு,
உன் நைனா
இக்னேஷியஸ், டிரைவர்.