மூன்றாவது வரி

ஜூன் 3
டாக்டர் சொன்னபடி அண்ணன் வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன். நாக்கு முழுக்கத் திரிந்த பால் போல வெள்ளை. கூடவே ஒரு நாற்றம். என் தட்டிலிருந்த சோறும் அதே நிறமாகத் தெரிய, கொட்டிவிட்டேன்.

எச்.ஐ.வி. அவன் உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தின்றுவிட்டதாம். சும்மா கிடக்கிற பூஞ்சைகூட இப்போது ஏறி உட்கார்ந்துகொள்கிறது. நமக்கு ஒட்டாது, பயப்படாதீர்கள் என்றார் டாக்டர். பயமில்லை எனக்கு. குமட்டல்தான்.

அம்மா அவன் டம்ளரைத் தனியாக வைத்துவிட்டாள். அவன் சிரிக்கிறான்: "எனக்குன்னு தனி டம்ளரா? முதலாளி ஆயிட்டேன் போல."

ஜூன் 5
வீட்டில் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்தி. மருந்துச் சீட்டும் என் கைக்குத்தான் வரும். வைரஸுக்கும் பூஞ்சைக்கும் உள்ள மருந்துகளைச் சிகிச்சை மையத்திலேயே கொடுத்துவிட்டார்கள். மூன்றாவது, நுரையீரலில் கிருமி வராமல் தடுக்கும் மாத்திரை. அங்கே தீர்ந்துவிட்டது, வெளியே வாங்கச் சொன்னார்கள்.

மருந்துக்கடைக்காரர் என்கூடப் படித்தவளின் அப்பா. சீட்டின் தலையில் எச்.ஐ.வி. மையத்தின் முத்திரை. "என்னம்மா வேணும்?" என்றார். இருமல் மிட்டாய் என்றேன்.

வீட்டுக்கு வந்து, இரண்டு மருந்தே போதுமாம் என்றேன். படித்தவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்றாள் அம்மா.

ஜூன் 6
வேறு கடைக்குப் போகலாம். நாளைக்கு.

ஜூன் 11
நாளைக்கு.

ஜூன் 19
வாய் சுத்தமாகிவிட்டது என்கிறான். நான் பார்க்கவில்லை. வறட்டு இருமல். பாத்ரூம் போய்வருவதற்குள் மூச்சு இரைக்கிறது. அவன் வேலை செய்யும் வெல்டிங் பட்டறைப் புகைதான் காரணம் என்றாள் அம்மா. நானும் ஆமாம் என்றேன். சீ.

ஜூன் 23
நிமோனியா. வார்டில் சேர்த்திருக்கிறோம், ஆக்சிஜன் வைத்திருக்கிறார்கள்.

நுரையீரல் மாத்திரையைத் தினமும் போட்டாரா என்று டாக்டர் கேட்டார். அம்மா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். அண்ணன் முகமூடியைத் தூக்கி, "நான்தான் ஒழுங்கா போடல டாக்டர்" என்றான். திட்டு முழுவதையும் அவனே வாங்கிக்கொண்டான்.

அம்மா வெளியே போனதும் சொன்னான்: "சீட்டுல மூணு வரி இருந்துச்சு பாப்பா. எனக்குப் படிக்கத்தான் வராது. எண்ண வரும்."

"ஏன் கேக்கல?"

"உன்னைத் தெரியாதா? கடையில வாயைத் தொறக்க மாட்டே." மூச்சு வாங்கினான். "எப்படியும் நீ வாங்கிட்டு வருவேன்னு இருந்தேன்."

என் பட்டமளிப்புப் படத்துக்கு இரும்பில் சட்டம் அடித்துக் கொடுத்தவன்.

அவன் வாயைப் பார்த்தா குமட்டினேன்? என் வாய் பண்ணின வேலைக்கு எதைக் கொண்டு தேய்க்கிறது? இன்றைக்கு மூன்று தடவை பல் தேய்த்தாயிற்று.

ஜூலை 2
முகமூடியை எடுத்துவிட்டார்கள். அம்மா அழுதாள். எனக்கு அழக்கூட அருகதை இல்லை.

ஜூலை 17
வீட்டுக்கு வந்துவிட்டான். அந்த மாத்திரை மையத்துக்கு இன்னும் வரவில்லை.

மருந்துக்கடையில் நாலு பேர் நின்றார்கள். முத்திரை மேலே தெரிய சீட்டை நீட்டினேன். கடைக்காரர் படித்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி, யாருக்கு என்று கேட்டார்.

"அண்ணனுக்கு."

காது சுட்டது. மாத்திரை அட்டைகளைப் பழைய பேப்பரில் சுற்றப் போனார்.

"சுத்த வேணாம் அங்கிள்."

கையில் அப்படியே பிடித்துக்கொண்டு தெரு முழுக்க நடந்தேன். வந்ததும் அண்ணன் வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்தேன். இடது ஓரத்தில் புதிதாக ஒரு வெள்ளைப் புள்ளி. நாக்குக்கு அடியிலும் பார்த்தேன். மேல் அண்ணத்தைப் பார்த்தேன். மறுபடி முதலிலிருந்து பார்த்தேன்.

"போதும்டி" என்றான், "தாடை வலிக்குது."