வயிறு எரிந்த கதையும் மதினிக்குச் சொன்ன வைத்தியமும்

வெம்பக்கோட்டை
12.9.2006

அன்பு மகள் எழிலுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம், என் வயிறு எங்களைவிடச் சுகம். டெல்லியில் நீயும் உன் ஆஸ்பத்திரி வேலையும் சுகமாக இருக்க மாரியாத்தா துணை.

உன் அத்தை பொன்னுத்தங்கத்தின் மகள் யோகலட்சுமி கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. லீவு கிடைக்காமல் நீ தவறவிட்ட கூத்தை எழுதாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. தை மாதம் விருதுநகரில் அத்தையின் புது மாடிவீட்டுப் பால்காய்ச்சில் நான் பட்ட அவமானத்தைப் போனில் பாதிதான் சொன்னேன். அன்று பஸ்ஸை விட்டு இறங்கியதும் வெறும் வயிற்றில் எண்ணெய்ப் பரோட்டாவும் சால்னாவும் அமுக்கி, மேலே ஒரு கடுங்காப்பியும் ஊற்றிக்கொண்டு போனேன், என் நாக்கின் லட்சணம் உனக்குத் தெரியாதா. எல்லாரும் புதுத் தரையைப் பார்த்து வாய் பிளந்து நிற்கையில் எனக்குப் புளித்த தண்ணி தொண்டைவரை ஏறி, ஆத்தாடி வயிறு எரியுதே என்று கத்திவிட்டேன். நெஞ்சு எரியுது என்றிருந்தால் ஒரு சோடாவோடு போயிருக்கும். உன் அத்தை உடனே உப்பும் வத்தலும் சுற்றி நெருப்பில் போட்டாள், நெடியே வரவில்லை. பாத்தீகளா, கமறவே இல்ல, அம்புட்டும் இவ கண்ணுதான் என்று சபையில் சொல்லிவிட்டாள். மிளகாய் மண்டி இருக்கிற ஊரில் நமத்த வத்தல் வாங்கியது அவள் கஞ்சத்தனம், பழி என் கண்ணுக்கு.

அதிலிருந்து பட்டாசுக் கம்பெனியில் என்னோடு வேலை பார்க்கிறவர்கள்கூட, ஏ வயித்தெரிச்சலு, என் புதுச்சேலையைப் பாத்துராத என்று முந்தானையை இழுத்து மூடுகிறார்கள். கல்யாணம் குறித்ததும், தம்பி, நீ சீர் கொண்டு வா, உன் பொண்டாட்டி மணவறைப் பக்கம் வரக்கூடாது என்று அத்தை சொல்லி அனுப்பினாள். அப்பாவுக்கு என்றைக்கும் இல்லாத ரோசம் வந்து, அவ இல்லாட்டி தாய்மாமன் சீரும் இல்ல என்றார். சரி கூட்டிட்டு வா, எரியுதுன்னு ஒரு சொல்லு வந்துச்சுன்னா, அங்கனயே வெளியேத்திருவேன் என்றாள். இருடி மதினி என்று நான் கறுவிக்கொண்டேன்.

பிறகுதான் இந்த எரிச்சலுக்கு நீ போனில் சொன்ன வைத்தியமெல்லாம் காதில் ஏறியது. பட்டாசுக் கம்பெனிக்குத் தீப்பெட்டி கொண்டுபோக விடமாட்டார்கள், நான் வயிற்றிலேயே நெருப்போடு போய்க்கொண்டிருந்தேனே. விடியலில் வெறுந்தேத்தண்ணியை நிறுத்திக் கஞ்சி குடித்தேன், பொழுது சாயவும் சாப்பாட்டை முடித்தேன், தின்றதும் படுக்கிற சுகத்தை விட்டேன், கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்குச் செங்கல் வைத்தேன். உன் அப்பா சறுக்கிச் சறுக்கிக் கால்மாட்டுக்குப் போய், நான் என்னடி பாவம் செஞ்சேன் என்று கேட்டார். புளியும் காரமும் குறைந்து, மணத்தக்காளியும் மோரும் வந்தன. பக்தியில் செய்திருந்தால் ரெண்டே நாளில் விட்டிருப்பேன், வஞ்சத்தில் செய்ததால் நிலைத்தது.

முகூர்த்தத்தில் சீர்த்தட்டோடு சிலைபோல நின்றேன், ஒரு ஏப்பம் கிடையாது. உன் அத்தையோ தாலி ஏறும்வரை பட்டினி, தேத்தண்ணி மேல் தேத்தண்ணி, அப்புறம் பந்தியில் வடையும் பாயசமும் ஒரு பிடி. காரியாபட்டிச் சம்பந்தியம்மா பக்கத்தில் இருக்கும்போதே மாரைப் பிடித்துக்கொண்டு, ஆத்தே வயிறு எரியுதே என்றாள். விடுவேனா, என்ன மதினி, மருமகனுக்கு வாய்ச்ச யோகத்தப் பாத்து எரியுதா என்று பந்தி முழுக்கக் கேட்கக் கேட்டேன். சம்பந்தியம்மா முகம் போன போக்கைப் பார்த்து எனக்குப் பாயசம் குடிக்காமலே இனித்தது.

மறுவாரம் உன் அத்தை போன் போட்டு, வள்ளி, ஒனக்கு எப்புடி நின்னுச்சு என்றாள். ஏதாவது பொய் வைத்தியம் சொல்லிப் பழிதீர்க்கலாமா என்று யோசித்தேன். உண்மை வைத்தியத்தைவிடக் கொடியது ஒன்றும் தோன்றவில்லை, அதனால் ஒன்று விடாமல் சொன்னேன். பரோட்டா கூடாது, காராச்சேவு கூடாது, மத்தியானத் தூக்கம் கூடாது. அழுதேவிட்டாள் மகளே.

வேலை வேலை என்று நீ பட்டினி கிடக்காதே, நேரத்துக்குச் சாப்பிடு. நோய்நொடி அண்டாமல் நூறு வருசம் இரு. ஒன்றை மறந்துவிடாதே, ஒரே ஒரு பரோட்டா தின்னலாமா என்று அத்தை உனக்குப் போன் போடுவாள். நர்சு சொன்னால் நம்புவாள். பாவம் பார்க்காமல், கூடாது என்று சொல்லிவிடு.

இப்படிக்கு,
குளிர்ந்த வயிற்றோடு உன் அம்மா
வள்ளித்தாய்